காரோடு வந்த செட்டை மாற்றுவதா, கதவு ஸ்பீக்கரை மாற்றுவதா?

"அண்ணா, கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. என் வகன் ஆர் காருக்குப் பெரிய ஸ்கிரீன் உள்ள பாட்டுச் செட் ஒன்று போடட்டுமா?"

கிழக்கு இலங்கையில் ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எல்லாப் பக்கமிருந்தும் இந்தக் கேள்வி எனக்கு வருகிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இப்போது இருக்கிற செட்டில் உங்களுக்கு என்ன குறை?" பாதிப் பேருக்கு உடனே பதில் வராது. "சத்தம் சரியில்லை" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கதைத்தால் உண்மையான குறை வெளியே வரும். ஒருவருக்கு ஜப்பான் செட்டில் உள்ளூர் வானொலி பிடிக்கவில்லை. இன்னொருவருக்குப் போனை இணைக்க வழியில்லை. மூன்றாமவர் ஒரு கூத்துப் பதிவைப் போட்டால் மத்தளம் தகரப் பேணியில் தட்டுவது போலக் கேட்கிறது. மூன்று நோய்க்கும் மூன்று மருந்து. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் காசு போகும், நோய் இருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையே எங்கேயோ போய்விட்டது. அதனால் எங்கள் பக்கத்தில் பலர் பத்து, பதினைந்து வருடக் கார்களையே பேணி ஓட்டுகிறார்கள். விட்ஸ், அக்சியோ, அக்குவா, வகன் ஆர், அல்ட்டோ. எஞ்சின் நன்றாக இருக்கும், பாட்டு மட்டும் கேட்க முடியாது. காரையே மாற்ற வழியில்லாதவருக்கு இது சின்ன ஆசை. அந்த ஆசைக்கு ஒதுக்கிய காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: உங்கள் குறை வசதியிலா, ஒலியிலா? போன் இணைப்பு, வானொலி, வழிகாட்டும் வரைபடம், பின் கமெரா எல்லாம் வசதி. குரல் தெளிவு, மத்தளத்தின் கனம், சத்தம் கூட்டினால் கரகரப்பு, இவை ஒலி. ஸ்கிரீன் செட் முதலாவதைத் தீர்க்கும். இரண்டாவதைப் பெரும்பாலும் தீர்க்காது.

இரண்டாவது, முழுச் செலவு. கடைக்காரர் சொல்வது பொருளின் விலை. அதற்கு மேல் செட்டைச் சுற்றி இடைவெளி நிரப்பும் சட்டம், வயர் சொக்கெட், கூலி, கமெராவுக்கான அடப்டர் என்று வரிசையாக வரும்.

மூன்றாவது பற்றரி. சிறிய ஜப்பான் கார்களில் இருப்பது சிறிய பற்றரி, காரை நிறுத்திய பிறகும் செட் மின் இழுத்தால் வெறுமையாகிவிடும்.

நான்காவது எங்கள் காற்றும் மழையும். கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாகவே வாழ்கிறோம். உப்புக் காற்று செம்பு வயரைப் பச்சையாக்கிவிடும். மார்கழி மழையில் கதவுக்குள் தண்ணீர் ஓடும். சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் டாஷ்போர்ட் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து காணொளி போடுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைசியாக, வேலையைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா என்று பாருங்கள். வயரை வெட்டிய கார் விற்கும்போது விலை இறங்கும்.

## காசு செலவழிக்க முன் ஒரு மாலை நேரம்

கடைக்குப் போவதற்கு முன் காரை அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, உங்களுக்கு வரி வரியாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போடுங்கள். போனில் இறக்கிய நல்ல பதிவாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த பாட்டை வைத்து எந்த ஸ்பீக்கரையும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் சோதிக்கப் போடுவது ஒரு வடமோடிக் கூத்துப் பதிவு. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் தாழ்ந்த ஒலிக்கு, சல்லரி என்ற கைத்தாளம் உயர்ந்த ஒலிக்கு, ஆட்டக்காரரின் குரல் நடு ஒலிக்கு. மூன்றும் ஒரே நேரத்தில் வரும்போது ஸ்பீக்கரின் குணம் தெரிந்துவிடும். அக்கரைப்பற்றுப் பக்கத்து நண்பர் ஒருவர் றபான் என்ற தோற்பறை அடிக்கும் பதிவைப் போடுவார். அதுவும் நல்ல சோதனைதான்.

செட்டின் அமைப்பில் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். பாஸை உச்சத்தில் வைத்துவிட்டு ஸ்பீக்கர் கிழிகிறது என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒலியை இடக் கதவுக்கு மட்டும், வலக் கதவுக்கு மட்டும் என்று மாற்றிக் கேளுங்கள். ஒரு பக்கம் கரகரத்தால் அந்த ஸ்பீக்கரின் ஓரம் இற்றுப்போயிருக்கலாம். பழைய ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் எங்கள் ஈரச் சூட்டில் மாவாக உதிரும்.

இன்னொன்று. முன்பு யாராவது ஸ்பீக்கர் மாற்றிய காராக இருந்தால் வயர் தலைகீழாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் வயரைச் செட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ற் டோர்ச் பற்றரி ஒன்றைக் கண நேரம் தொடுங்கள். பற்றரியின் கூட்டல் முனை ஸ்பீக்கரின் கூட்டலில் பட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒரு கதவு வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, பாஸ் காணாமல் போகும். வயரை மாற்றிப் பூட்டினால் வேலை முடிந்தது, செலவு எதுவும் இல்லை.

## வழி 1: இருக்கிறதை வைத்துக்கொண்டு போனை மட்டும் இணைப்பது

செட்டில் வெளியிலிருந்து வயரால் பாட்டுக் கொடுக்கும் ஓக்ஸ் (AUX) துளையோ யூஎஸ்பியோ இருந்தால் அதிர்ஷ்டம். யூஎஸ்பியில் பென் டிரைவ் போட்டுக் கேட்பது எல்லா வழியிலும் சுத்தமானது. ஓக்ஸ் துளையில் ஒரு சின்ன புளூடூத் ரிசீவரைச் செருகினால் போன் வயர் இல்லாமல் இணையும். போனைக் காரிலேயே சார்ஜில் போட்டுக்கொண்டு ஓக்ஸில் கேட்டால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு சீழ்க்கை கேட்கலாம். அது ஸ்பீக்கரின் பிழையில்லை. இரண்டு வயரும் காரின் உடலோடு இரண்டு இடத்தில் தரை கொள்வதால் வருவது. நடுவில் போடும் சின்ன ஐசொலேட்டர் ஒன்று அதைத் தீர்க்கும்.

இரண்டும் இல்லாதவர்கள் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எப்எம் டிரான்ஸ்மிட்டரை வாங்குகிறார்கள். இங்கேதான் ஜப்பான் கார்க்காரர் மாட்டுப்படுவது. ஜப்பானில் எப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸ் வரை. பிந்திய செட்கள் சில 95 வரை போகும். எங்கள் நாட்டில் 87.5 முதல் 108 வரை. டிரான்ஸ்மிட்டரும் 87.5க்கு மேல்தான் அனுப்பும். ஆக, 90 வரை மட்டும் போகும் செட்டில் இரண்டும் சந்திக்கும் இடம் 87.5 முதல் 90 வரையான ஒரு ஒடுங்கிய ஒழுங்கை மட்டும். அதற்குள் வெறுமையான ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் எப்எம் வழியாக 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வராது, சல்லரியின் மினுக்கம் கொஞ்சம் மங்கும். பேச்சு கேட்பவருக்கு அது தடையில்லை.

வானொலிக்கு பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை அன்ரெனா வயரில் இடையில் மாட்டுவார்கள். அது வருகிற அலைவரிசையை ஒரு குறித்த அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 18 இறக்குகிற பெட்டி என்றால் 103இல் வரும் நிகழ்ச்சி உங்கள் செட்டில் 85இல் கேட்கும். ஆனால் கணக்கைக் கவனியுங்கள். செட்டின் சாளரம் 14 மெகாஹேர்ட்ஸ் அகலம், எங்கள் எப்எம் 20க்கும் மேல் அகலம். எந்தப் பெட்டி போட்டாலும் ஒரு பகுதி வெளியே நிற்கும். 12 இறக்கும் பெட்டியில் 88 முதல் 102 வரை கிடைக்கும், 18 இறக்கும் பெட்டியில் 94 முதல் 108 வரை. நீங்கள் கேட்கும் நிலையங்களின் எண்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் அதற்கேற்ற பெட்டியை வாங்குங்கள். கடையில் "எல்லாம் பிடிக்கும்" என்றால் நம்ப வேண்டாம்.

இந்த வழி யாருக்கு? காரை ஒரு வருடத்துக்குள் விற்கப் போகிறவருக்கு. லீசிங் கட்டி முடியாத, கையில் சில ஆயிரம் மட்டும் இருக்கிறவருக்கு. செய்தியும் பேச்சும் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவருக்கு.

## வழி 2: செட்டைத் தொடாமல் முன் கதவு ஸ்பீக்கரும் கதவும்

என் மனம் இருப்பது இந்தப் பக்கம். ஒலியில் குறை என்று வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காரோடு வரும் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குக் காரணம் விளங்கும். மெல்லிய காகிதக் கூம்பு, சிறிய காந்தம், பிளாஸ்டிக் சட்டம். அதை மாட்டியிருக்கும் கதவோ ஒரு மெல்லிய தகரப் பெட்டி, உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கர் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே எதிர் அலை ஒன்று பிறக்கிறது. அந்த அலை ஓட்டை வழியாக முன்பக்கம் வந்து சேர்ந்தால் தாழ்ந்த ஒலி அழிந்துவிடும். அத்தோடு தகரமும் சேர்ந்து அதிரும். மத்தளம் தகரப் பேணியாகக் கேட்பது இதனால்தான். இந்தக் கதவில் எவ்வளவு விலையுயர்ந்த செட்டின் வயரைக் கொண்டுவந்து பூட்டினாலும் கதவு மாறாது.

ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 300 வாட், 500 வாட் என்பதைப் பார்க்க வேண்டாம். சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று தொடர்ந்து தாங்கும் பலத்தைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட், மற்றது கொடுக்கும் பலத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று சொல்லும் சென்சிற்றிவிட்டி என்ற டெசிபல் எண். காரோடு வந்த செட் ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் கொடுக்கக் கூடியது 15 முதல் 20 வாட் வரைதான். அந்தச் சிறிய பலத்தில் நன்றாகப் பாடும் ஸ்பீக்கர்தான் நமக்கு வேண்டும். 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். ஆகவே 90ஐ ஒட்டியோ மேலேயோ உள்ளதைத் தேடுங்கள். ஸ்பீக்கரின் மின்தடையான ஓம் எண்ணையும் பாருங்கள். 4 ஓம் என்றால் பயமில்லை. அதைவிடக் குறைந்ததைச் சில கம்பனிகள் விற்கின்றன, பழைய செட் அதில் சூடேறும்.

நடுவில் உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது டுவீட்டர், பொருத்திய கோஆக்சியல் வகை ஒன்று, டுவீட்டர் தனியாக வரும் கொம்பொனன்ட் வகை ஒன்று. உங்கள் காரில் கண்ணாடி மூலையிலோ டாஷ்போர்ட்டிலோ டுவீட்டருக்கு ஏற்கெனவே இடம் இருந்தால் கொம்பொனன்ட் நல்லது. குரல் முழங்காலடியிலிருந்து வராமல் கண் மட்டத்தில் நிற்கும். இடம் இல்லையென்றால் கோஆக்சியல் போதும். டுவீட்டருக்காகக் காரில் புதிதாகத் துளை போடாதீர்கள்.

பின் கதவுகளை விட்டுவிடுங்கள். நான்கு மலிவு ஸ்பீக்கருக்குப் பதில் அதே காசில் முன்னுக்கு இரண்டு நல்லது. பாட்டுக்காரர் எங்கள் முன்னால் நின்று பாடுவதுதான் இயல்பு.

மறைந்த செலவுகள் இங்கேயும் உண்டு. பல டொயோட்டாக்களில் ஸ்பீக்கரை ரிவெட் அடித்துப் பூட்டியிருப்பார்கள். அதைத் துளைத்து எடுத்து, புது ஸ்பீக்கருக்கு ஒரு வளையம் போட வேண்டும். எம்டிஎஃப் பலகையில் வெட்டிய வளையம் எங்கள் மழைக்கு ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் வளையம் எடுங்கள். கிடைக்காவிட்டால் பலகை வளையத்துக்குப் படகுக்குப் பூசும் ரெசினை இரண்டு கை பூசிக் காயவிட்டு மாட்டுங்கள். வாழைச்சேனையிலும் கல்முனையிலும் அதற்குப் பஞ்சமில்லை. ஸ்பீக்கரின் ஆழத்தையும் அளக்க வேண்டும். கண்ணாடியை முழுவதும் இறக்கினால் காந்தத்தில் இடிக்கக் கூடாது. பூட்டி முடிந்த பிறகு கண்டுபிடித்தால் இரட்டை வேலை.

கதவுக்கு ஒட்டும் தாளில் இரண்டு வகை. பியூட்டைல் என்ற இரப்பர் வகை நல்லது. தார் கலந்த மலிவுத் தாள் முதல் சித்திரையிலேயே உருகி வழிந்து கதவின் அடியில் கிடக்கும், மணமும் வரும். வெளித் தகரத்தின் உட்பக்கம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. கால்வாசி, மூன்றிலொரு பங்கு ஒட்டினாலே தகரம் அடங்கும். விரலால் தட்டிப் பார்த்தால் "டங்" என்றது "டப்" என்று மாறும். மிச்சத் தாளை உட்பக்கத்துப் பெரிய ஓட்டைகளை மூட வையுங்கள்.

இதில் ஒரு விடயத்தை மறக்கவே வேண்டாம். கதவின் அடியில் சின்னச் சின்ன வடிதுளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் அதனால்தான் வெளியேறுகிறது. ஒட்டுத்தாளால் அதை மூடினால் ஒரு மாரியில் கதவு துருப்பிடிக்கும். உட்பக்கத்துப் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்தால் தண்ணீர் காலடிக் கம்பளத்துக்கு வரும். இரண்டையும் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கூலியையும் முதலே பேசிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் மாற்ற ஒரு கூலி, ஒட்டுத்தாளுக்கு வேறு கூலி என்று கடைசியில் வரும்.

பற்றரிக்கு இந்த வழியால் ஒரு பாரமும் இல்லை. கார் விற்கும்போது பழைய ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் புதியதை அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம்.

## வழி 3: செட்டை மாற்றுவது

செட்டை மாற்ற நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஜப்பான் செட்டில் எழுத்து முழுவதும் ஜப்பான் மொழி. வரைபடம் ஜப்பானுடையது. டீவியும் இங்கே வேலை செய்யாது. பற்றரியை ஒருதரம் கழற்றிப் பூட்டினால், சில டொயோட்டா செட்கள் வரைபட எஸ்டி கார்ட்டையோ பூட்டுத் திறக்கும் எண்ணையோ கேட்டு முழுவதும் முடங்கிவிடும். இப்படி முடங்கிய செட்டுக்கு மேல் காசு செலவழிப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எதாக மாற்றுவது என்பதில் இரண்டு கிளை. ஒன்று 9, 10 அங்குல அன்ட்ரொயிட் ஸ்கிரீன். மற்றது புளூடூத், யூஎஸ்பி, எப்எம் மட்டும் உள்ள, பெயர் பெற்ற கம்பனியின் சாதாரண செட்.

அன்ட்ரொயிட் ஸ்கிரீனில் வரைபடம், யூடியூப், பின் கமெரா எல்லாம் ஒரே இடத்தில். குடும்பத்தோடு தூரப் பயணம் போகிறவருக்கு அது பெரிய வசதிதான். ஆனால் 1 ஜிபி ராம் உள்ளதை வாங்காதீர்கள். வரைபடமும் பாட்டும் சேர்ந்தால் திணறும். 2 ஜிபி கீழ் எல்லை, 4 இருந்தால் நிம்மதி. பெட்டியில் எழுதியிருக்கும் அன்ட்ரொயிட் பதிப்பு எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அந்த எண்ணை மாற்றிக் காட்டும் செட்கள் சந்தையில் உண்டு. கடையிலேயே ஓட விட்டு வரைபடத்தை நகர்த்திப் பாருங்கள். இணையத்துக்குப் போன் டேட்டா வேண்டும். படுவான்கரைப் பக்கமோ மகாஓயாக் காட்டு வழியோ போகிறவர்கள் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்க வேண்டும்.

இனிப் பற்றரிக் கதை. நானும் முதலில் ஸ்கிரீனில்தான் காசைப் போட்டேன். என் அக்சியோவுக்கு ஒரு கடையில் மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. பாட்டு பழையபடியே இருந்தது, அதுவே பெரிய ஏமாற்றம். பிறகு ஒரு கிழமையில் இரண்டு நாள் காரை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடியப்புறம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வந்து சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற சத்தம் மட்டும். அன்று ஓட்டோவில் போனோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அந்த வழி முழுவதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு கழற்றிப் பார்த்தபோது, சாவி போட்டால் மட்டும் மின் வரவேண்டிய சிவப்பு வயரை எப்போதும் மின் இருக்கும் மஞ்சள் வயரோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். இறங்கும்போது பட்டனை அழுத்தி ஸ்கிரீனை அணைப்பது என் வழக்கம். அதனால் உள்ளே செட் விழித்தே இருந்தது எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எந்தச் செட் மாட்டினாலும் ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். காரைப் பூட்டி அரை மணி கழித்து, பற்றரியின் கழித்தல் முனையில் மல்டிமீட்டரை இடையில் வைத்து எவ்வளவு மின் ஓடுகிறது என்று பாருங்கள். 50 மில்லி அம்பியருக்குள் நின்றால் நல்லது. 200 என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 5 அம்பியர்-மணி போகிறது. 35 அம்பியர்-மணிச் சின்னப் பற்றரி ஒரு கிழமையில் வெறுமையாகிவிடும். கார் நிறுத்தும்போது எஞ்சின் தானாக நின்று திரும்ப எழும்பும் வகன் ஆர் போன்ற கார்களில் இன்னொரு தொல்லை: எஞ்சின் எழும்பும் கணத்தில் வோல்ற் இறங்கி, மலிவுச் செட் சில அணைந்து மறுபடி தொடங்கும். ஒவ்வொரு சந்தியிலும் பாட்டு நிற்கும்.

சாதாரண செட்டின் பக்கம் வந்தால், சாவி போட்டவுடன் பாடும், வெயிலைத் தாங்கும், பற்றரியைத் தின்னாது, ஒலியைத் திருத்தும் ஈகுவலைசரும் நல்லதாக இருக்கும். வழி காட்டப் போனையே ஒரு தாங்கியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் நான் இதைத்தான் எடுப்பேன். பாவித்தது கிடைத்தால் இன்னும் மலிவு. வாங்கும் இடத்திலேயே 12 வோல்ற் கொடுத்து நான்கு பக்கமும் பாடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தச் செட் ஆனாலும் பெட்டியில் "50 வாட் × 4" என்று இருக்கும். நான்கு ஐம்பது 200 வாட். 12 வோல்ற்றில் 200 வாட் எடுக்க, ஒரு சொட்டு வீணாகாவிட்டாலும் 16 அம்பியருக்கு மேல் வேண்டும். செட்டின் முதுகில் இருக்கும் பியூஸைப் பாருங்கள், 10 அல்லது 15 அம்பியர்தான். அது ஒரு கண நேர உச்சக் கணக்கு. தொடர்ந்து வருவது காரோடு வந்த செட்டை விடப் பெரிதாகக் கூடாது. செட் மாற்றியும் பாட்டு மாறாததற்கு இது பாதிக் காரணம்.

மேலதிகச் செலவுகள்: பல டொயோட்டாச் செட் 200 மில்லிமீற்றர் அகலம், கடையில் விற்கும் டபிள் டின் அளவுச் செட் 178. இரண்டு பக்கமும் நிரப்பச் சட்டம் வேண்டும். காரின் சொக்கெட்டுக்குப் பொருந்தும் வயர்த் தொகுதி வேண்டும். அதை வாங்கிக் கொடுத்து, "காரின் வயரை வெட்டக் கூடாது" என்று முதலே சொல்லுங்கள். வெட்டி முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் இங்கே அதிகம். எங்கள் வெக்கையில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும், உப்புக் காற்று உள்ளே புகும். ஸ்டீரிங் பட்டன்களும் பின் கமெராவும் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கும் அடப்டர். சில டொயோட்டாக் கமெராக்கள் 6 வோல்ற்றில் ஓடுபவை, நேரே 12 கொடுத்தால் கருகும்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் மலிவாக வாங்கி வந்து இங்கே மாட்டுவது நல்ல யோசனை போலத் தெரியும். பழுதானால் திருப்பிக் கொடுக்க மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். விலையில் சிறிய வித்தியாசம் என்றால் உள்ளூரில், மாட்டுகிறவரிடமே வாங்குங்கள். பழுது வந்தால் ஒருவரையே கேட்கலாம்.

## வழி 4: அம்ப்ளிபயரும் சீட்டுக்கு அடியில் வைக்கும் பாஸ் பெட்டியும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் 50,000க்குள் இதை ஒழுங்காகச் செய்வது கடினம். பற்றரியிலிருந்து நேரே தடித்த வயர் இழுக்க வேண்டும். பற்றரிக்கு ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயர் எங்காவது தகரத்தில் உரசினால் தீப்பிடிக்கும். வயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு, அதே தடிப்பில் குறைந்த மின்னையே தாங்கும், முனைகள் எங்கள் காற்றில் கெதியாக அரிக்கும். அக்குவா போன்ற ஹைபிரிட்களில் 12 வோல்ற் பற்றரி பின்பக்கம் இருக்கிறது, வயர் இழுப்பது சுலபம். ஆனால் செம்மஞ்சள் உறை போட்ட வயர்களின் பக்கமே கை போகக் கூடாது, அது உயிர் எடுக்கும் மின்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் பெட்டிக்கு இன்னொரு பகைவன் வெள்ளம். கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கைகளில் தண்ணீர் ஏறும்போது முதலில் நனைவது காரின் தரை. அங்கேதான் இந்தப் பெட்டி இருக்கிறது.

கதவு வேலையைச் செய்து முடித்து, அதற்குப் பிறகும் தாழ்ந்த ஒலி போதாது என்று உணர்கிறவருக்கே இது. அப்போதும் நிதானம் வேண்டும். புணாணை, ஹபரணை வழியாக இரவில் வருகிறவருக்கு யானை வீதியைக் கடக்கும் இடங்கள் தெரியும். வெளிச் சத்தம் காதில் விழும் அளவு இடம் விட்டுக் கேட்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் குறைக்கு | மறைந்த செலவு | பற்றரிக்குப் பாரம் | திருப்பலாமா |
|---|---|---|---|---|
| போன் இணைப்பு, எக்ஸ்பாண்டர் | வசதி | ஐசொலேட்டர் | இல்லை | முழுவதும் |
| முன் ஸ்பீக்கர், கதவு | ஒலி | வளையம், ஒட்டுத்தாள், இரண்டு கூலி | இல்லை | ஸ்பீக்கரை ஆம், தாளை இல்லை |
| அன்ட்ரொயிட் ஸ்கிரீன் | வசதி | சட்டம், வயர், அடப்டர், டேட்டா | உண்டு, அளந்து பார்க்க வேண்டும் | வயர் வெட்டாவிட்டால் |
| சாதாரண செட் | வசதி, கொஞ்சம் ஒலி | சட்டம், வயர் | மிகக் குறைவு | வயர் வெட்டாவிட்டால் |
| அம்ப், பாஸ் பெட்டி | ஒலி | செம்பு வயர், பியூஸ், நல்ல வேலையாள் | அதிகம் | சிரமம் |

## 50,000ஐ எப்படிப் பிரிப்பேன்

பொருட்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் பங்காகச் சொல்கிறேன். செட் வேலை செய்கிறது, போன் இணைகிறது, ஒலிதான் குறை என்றால்: பாதியை முன் ஸ்பீக்கர் ஒரு சோடிக்கும், கால்வாசியைப் பியூட்டைல் தாளுக்கும் வளையத்துக்கும், மிச்சத்தைக் கூலிக்கும் வைப்பேன். ஸ்கிரீனை நினைக்கவே மாட்டேன்.

செட் முடங்கிவிட்டது, அல்லது பேண்ட் எக்ஸ்பாண்டரால் உங்கள் நிலையங்கள் கிடைக்கவில்லை என்றால்: பாதியைச் சாதாரண செட்டுக்கும் அதன் சட்டம், வயருக்கும் வையுங்கள். மிச்சத்தில் கோஆக்சியல் ஒரு சோடி. ஒட்டுத்தாள் அடுத்த மாதச் சம்பளத்தில் வரட்டும், அதற்காக ஸ்பீக்கரை மலிவாக எடுக்க வேண்டாம்.

வாடகைக்கு ஓடும் வாகனம் என்றால் என் பதில் மாறும். அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் பயணிகளை ஏற்றிப் போகிறவருக்கு வரைபடமும் பின் கமெராவும் தொழில் கருவி. அவர் அன்ட்ரொயிட் ஸ்கிரீனை எடுப்பது சரி. தினமும் ஓடும் வாகனம் என்பதால் பற்றரிப் பயமும் குறைவு.

புதிதாக வந்த, இன்னும் உத்தரவாதத்தில் இருக்கும் காராக இருந்தால் செட்டின் வயரில் கை வைக்க முன் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்பீக்கர் மட்டும் என்றாலும் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

எந்த வழியில் போனாலும் கழற்றிய பழைய செட், ஸ்பீக்கர், ஆணி, கிளிப் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, மேலே கார் இலக்கத்தை எழுதி வீட்டில் வையுங்கள். கடையில் "இது எதற்கு அண்ணா, இங்கேயே போடுங்கோ" என்பார்கள், விட்டுவிட்டு வராதீர்கள். வேலை முடிந்து காரை எடுக்க முன் நான்கு கண்ணாடியையும் ஏற்றி இறக்கி, பின் கியர் போட்டுக் கமெராவைப் பார்த்து, நீங்கள் கொண்டுபோன பாட்டையே அங்கே நின்று ஒருமுறை முழுவதும் கேளுங்கள்.